துயரின் சமூக முகம்: கறுப்பின ஆடவரும் ஒத்தோர் உதவி வட்டங்களும்

பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் கறுப்பின ஆடவர் தமது மனத்துயரைத் தம்மை ஒத்தோருடன் பகிர்ந்துகொள்ளும் சிறு வட்டங்கள் அண்மைக் காலத்தில் பரவலாகத் தோன்றியுள்ளன. இவற்றை வெறும் நல்லெண்ண முயற்சிகளெனக் கொள்வோர் உளர். ஆனால், இவை ஏன் வைத்தியசாலைக்கு வெளியே தோன்றின என வினவும்போதே இவற்றின் சமூக அடிப்படை நமக்குப் புலனாகும்.

கறுப்பு மக்களைப் பொறுத்தவரை உளமருத்துவம் எப்பொழுதும் நடுநிலையான அறிவுத்துறையாக இருந்ததில்லை. 1851 இல் சாமுவேல் கார்ட்றைற் என்னும் அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு மனநோயாக வருணித்து அதற்குப் பெயருஞ் சூட்டினார். விடுதலை வேட்கை நோயாக்கப்பட்டது. அடிமைமுறை ஒழிந்த பின்னரும் பலப்பிரயோகம் ஒழியவில்லை. 1998 இல் இங்கிலாந்தின் நோர்விச் நகர உளநல மருத்துவமனையொன்றில் டேவிட் பெனற் என்னும் கறுப்பினத்தவர், ஊழியர்களால் முகங்குப்புற அமுக்கிப் பிடிக்கப்பட்டு உயிரிழந்தார். அங்கு ஆபிரிக்க வழியினரான ஊழியர் எவருமில்லை என அவர் முன்னரே கடிதமூலஞ் சுட்டியிருந்தார். தேசிய சுகாதார சேவையில் நிறுவன ரீதியான இனவாதம் நிலவுவதாக 2004 இல் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று. 2019-20 இல் இங்கிலாந்தில் உளநலச் சட்டத்தின்கீழ்க் கறுப்பினத்தவர் தடுத்துவைக்கப்பட்ட வீதம், வெள்ளையரின் வீதத்திலும் நான்கு மடங்குக்கு மேற்பட்டதாகும்.

உதவி நாடிச் செல்லுமிடமே ஒறுக்குமிடமாகும்போது மௌனம் தற்காப்பாகிறது. ஆண்மகன் அழலாகாது என்னும் மரபு அம்மௌனத்தை இறுக்குகிறது என்பதும் உண்மையே. எனினும், ஆண்மைப் பண்பாட்டை மட்டும் காரணமாகக் காட்டுவது பாதிக்கப்பட்டவனையே குற்றவாளியாக்குவதாகும்.

வட்டத்திலோ பேசுபவரும் கேட்பவரும் ஒரே அனுபவத்தின் பங்காளிகள். 2016 இல் லொறென்சோ லூயிஸ் என்பார் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய 'கொன்பெஸ் புறொஜெக்ற்' என்னும் அமைப்பு, முடிதிருத்துநருக்குச் செவிமடுக்கும் பயிற்சியை அளிக்கிறது. இனவொதுக்கற் காலந்தொட்டு, வெள்ளையரின் கண்காணிப்பின்றிக் கறுப்பு மக்கள் கூடிப் பேசக்கூடியதாயிருந்த இடங்களுள் முடிதிருத்தகமும் ஒன்று என்பது மனங்கொளத்தக்கது. பொலிஸ் சோதனை, வேலையின்மை, வாடகைச் சுமை ஆகியவற்றை ஒருவர் கூற, 'எனக்கும் அவ்வாறே' என மற்றவர் கூறுமிடத்து, தனிமனித வெட்கமாகக் கருதப்பட்டது பொதுநிலைமையாக உணரப்படுகிறது. இவ்வுணர்வே வட்டங்களின் முதன்மையான பயன் எனலாம்.

ஆயின், கடும் உளநோய்க்கு மருத்துவம் இன்றியமையாதது. வட்டம் அதற்கு மாற்றீடன்று. சமூகத்தின் தன்னுதவியைப் போற்றுவதன் மூலம் அரசு தன் கடமையைக் கைகழுவும் ஆபத்தும் உண்டு. ஆற்றுப்படுத்தலின் எல்லையைத் தெளிவாகக் கண்டவர், மார்ட்டினிக்கிற் பிறந்த கறுப்பின உளமருத்துவரான ஃபிரான்ற்ஸ் ஃபனோன் ஆவார். குடியேற்ற ஆட்சியே மக்களை அந்நியமாக்கும்போது மருத்துவர் மட்டும் அவர்களைக் குணப்படுத்தவியலாதெனக் கண்டு, 1956 இல் அல்ஜீரியாவின் பிளிடா வைத்தியசாலைப் பதவியை அவர் துறந்தார்.

எனவே, துன்பத்தைத் தாங்கும் வலுவை மட்டுமன்றி, அத்துன்பத்தை விளைவிக்கும் நிறுவனங்களைக் கேள்விக்குட்படுத்தும் கூட்டுக் குரலையும் இவ்வட்டங்கள் உருவாக்குகின்றனவா என்பதைக் கொண்டே இவற்றை நாம் மதிப்பிடுதல் வேண்டும்.