இருபதாவது மரம்

உடம்பின் மொழி – 14

ஹுத்தான் மெலிந்தாங்கில் மேடு கிடையாது. பெர்னாம் ஆறு கடலைத் தேடிப் போகும் வழியில் தட்டையாகக் கிடக்கிற மண் அது. செம்பனை நிரைகள், தென்னந்தோப்புகள், பரிட் என்று நாங்கள் சொல்லும் வாய்க்கால்கள், அவ்வளவுதான். “மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறதா?” என்று பட்டணத்து மருத்துவர் கேட்டால் எங்கள் தோட்டத்து மனிதர் என்ன சொல்வார்? லயத்து வீட்டுக்கு மாடியும் இல்லை, ஏறிப் பார்க்கக் குன்றும் இல்லை.

என் அப்பா குலை வெட்டியவர். 54 வயது வரை காய்ச்சலுக்குக்கூட வீட்டில் படுத்ததில்லை. ஒருநாள் குலை ஏற்றிய தள்ளுவண்டியோடு நடு நிரையில் நின்றுவிட்டார். மார்புக்கு நடுவே கயிறு போட்டு இறுக்கியதுபோல இருந்ததாம். இடது தோள் கனத்ததாம். வண்டியின் பிடியை விடாமல் இரண்டு மூன்று நிமிடம் நின்றிருக்கிறார், விட்டுவிட்டது. வீட்டில் வந்து சொன்னது ஒரே சொல்: “காத்து.” அம்மா ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்தார், கோடாலித் தைலம் தேய்த்துவிட்டார். நான்கு மாதம் இப்படியே ஓடியது. நடுவில் ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். கோடுகள் சரியாக இருந்தன. வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மலாயில் காற்றுக்கு ‘ஆங்கின்’ என்று பெயர். அப்பாவுக்கு வந்த நோயின் பெயர் ‘ஆஞ்சைனா’. இரண்டு சொல்லுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆஞ்சைனா லத்தீன் சொல், குரல்வளையை நெரிப்பது என்ற பொருளிலிருந்து வந்தது. நெஞ்சு நெரிப்பு என்றே தமிழில் சொல்லலாம். வலி என்று சொல்வதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். “வலிக்குதா?” என்று கேட்டால் “இல்லை” என்பார்கள். அவர்களுக்கு அது வலி அல்ல. இறுக்கம், பாரம், அடைப்பு.

அப்பாவின் நோயைக் கண்டுபிடித்தது இயந்திரம் அல்ல, ஒரு கேள்வி. சர்க்கரைக்கு இரத்தம் பார்க்க அரசு கிளினிக்குக்குப் போயிருந்தோம். மருத்துவ உதவியாளராக இருந்த இளைஞர் தோட்டத்துப் பிள்ளை.

“அய்யா, நெஞ்சுல எப்ப அடைக்குது?”

“வண்டி தள்ளுறப்போ. காத்துதான் தம்பி.”

“நின்னா?”

“நின்னா போயிடும்.”

“எத்தனை மரம் தாண்டினா வருதுங்கய்யா?”

அப்பா யோசிக்கவே இல்லை. “இருபது. பசியாறிட்டுப் போனா பதினஞ்சு.”

அந்த இளைஞர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செம்பனையை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். இருபது மரம் என்றால் 180 மீட்டர். சமதரையில் நூறு, இருநூறு மீட்டருக்குள் நெஞ்சு இறுகினால், மருத்துவர்கள் நான்கு படிகளாகப் பிரித்து வைத்திருக்கும் அளவில் அது மூன்றாம் படி. வாயுவுக்கு மரம் எண்ணத் தெரியாது. உழைத்தால் வந்து, நின்றால் போய், ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்பத் திரும்ப வருவது இதயத்தின் குணம்.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இல் இதைத்தான் எழுதி வாசித்தார். நடக்கும்போது, அதுவும் சாப்பிட்ட உடனே நடக்கும்போது வருகிறது, நின்றதும் மறைகிறது என்றார். நோய்க்குப் பெயர் வைத்தவரும் அவரே. ஈசிஜி கிடையாது, இரத்தச் சோதனை கிடையாது. வந்தவர்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார், அவ்வளவுதான். அப்பா சொன்ன ‘பசியாறிட்டுப் போனா பதினஞ்சு’ அவருடைய கட்டுரைக்குள் அப்படியே பொருந்தும்.

உள்ளே நடப்பது இது. லயத்தில் ஒரே குழாயிலிருந்து எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வருகிறது என்று வையுங்கள். குழாய்க்குள் பாதிக்கு மேல் அழுக்கு படிந்திருந்தாலும் மத்தியானத்தில் யாருக்கும் தெரியாது. விடியற்காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு முன்னால் எல்லாரும் திறக்கும்போதுதான் கடைசி வீட்டில் சொட்டும். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்புப் படிந்து சுருங்கும்போதும் இதே கதைதான். இன்னொரு சிக்கலும் உண்டு. இதயம் தனக்கான இரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே ஓய்கிற நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. துடிப்பு வேகமானால் ஓய்வு குறையும். தேவை கூடுகிற அதே நேரத்தில் வரவு குறைகிறது. படுக்க வைத்து எடுத்த ஈசிஜி சரியாக இருந்ததன் காரணம் இதுவே. அப்பா படுத்திருந்தபோது அவருடைய இதயத்துக்குக் குறையொன்றும் இல்லை.

அதனால்தான் நடக்க வைத்துப் பார்க்கிறார்கள். டிரெட்மில் சோதனையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டுவார்கள். மேடில்லாத ஊர்க்காரருக்கு மேடு அங்கேதான் கிடைக்கிறது. அப்பா இரண்டாம் கட்டத்தில் கையைத் தூக்கிவிட்டார். ஈசிஜி கோடு கீழே இறங்கியிருந்தது. பிறகு ஈப்போவில் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம். ஒரு குழாயில் கடுமையான சுருக்கம்.

பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் கதை இவ்வளவு தெளிவாக இருக்காது. மூச்சு வாங்கும், தாடை இழுக்கும், காரணமில்லாமல் களைக்கும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நம் வீடுகளில் மூன்றில் ஒருவருக்கு நெஞ்சு நெரிப்பு வாய் திறக்காமலே வரக்கூடும் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நெரிப்பு வரும்போது நாக்கின் அடியில் வைக்கும் சின்ன மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது நைட்ரோகிளிசரின். வெடிமருந்தில் இருப்பதும் அதுவே, ஆனால் மாத்திரையில் உள்ள அளவு வெடிக்காது, பயம் வேண்டாம். 1879இல் வில்லியம் முரல் என்ற மருத்துவர் இதை நெஞ்சு நெரிப்புக்குக் கொடுத்தார். இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையை இறக்குகிறது. உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றபடி வைத்தால் மயங்கி விழலாம். தலை வலிக்கும். ஐந்து நிமிடத்தில் நெரிப்பு விடவில்லையென்றால் 999ஐ அழையுங்கள். வந்த கண்ணாடிக் குப்பியிலேயே இருக்கட்டும். எங்கள் வீட்டில் அம்மா அதைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி அடுப்படி அலமாரியில் வைத்திருந்தார். வெக்கையிலும் காற்றிலும் மருந்து வீரியத்தை இழந்துவிடும்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்கிறேன். ஆண்மைக்கு என்று விற்கப்படும் காபிப் பொட்டலங்கள் சிலவற்றில் சில்டெனாபில், தடலாபில் ஆகிய மருந்துகள் கலந்திருந்ததை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அவற்றோடு நைட்ரோகிளிசரின் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிரே போகுமளவுக்கு இறங்கலாம். அந்தக் காபியைக் குடித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சுருங்கிய குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட்டை உடனே வைக்க வேண்டுமா என்று வாசகர்கள் கேட்டு எழுதியிருந்தீர்கள். 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு, நிலையான நெஞ்சு நெரிப்பு உள்ளவர்களுக்கு மருந்தோடு தொடங்குவதைவிட ஸ்டென்ட், பைபாஸ் என்று முதலிலேயே போவது ஆயுளைக் கூட்டவில்லை என்று காட்டியது. ஆனால் நெரிப்பு அடிக்கடி வந்தவர்களுக்கு அது நல்ல சுகம் தந்தது. முதன்மையான இடது குழாயில் அடைப்பு இருப்பவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். மாரடைப்பின் வாசலில் நிற்பவர்களும் அப்படித்தான். இருபது மரம் பத்தாகி ஐந்தாகி, உட்கார்ந்திருக்கும்போதே வரத் தொடங்கினால் அது நிலையானது அல்ல. அன்றைக்கே தெலுக் இந்தான் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது.

அப்பாவுக்கு முதலில் மருந்துதான் கொடுத்தார்கள். ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர். சுருட்டை விட்டார். தினமும் நடக்கச் சொன்னார்கள். ஹெபர்டனிடம் வந்தவர்களில் ஒருவர் நாள்தோறும் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறைய குணமானார் என்பதை அறிந்த பிறகு, அந்த அறிவுரைக்கு எத்தனை வயது என்று எனக்குப் புரிந்தது. இரண்டு மாதத்தில் இருபது முப்பத்தைந்தானது. அதற்கு மேல் நகரவில்லை. வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று அப்பா உறுதியாக இருந்ததால் ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஆறு வாரம் கழித்துப் போனபோது மருத்துவர் கேட்டார், “இப்ப எத்தனை மரம், அய்யா?”

“எண்ணல டாக்டர். நெரை முடிஞ்சு ரோடு வந்திருச்சு.”

(தொடரும்)