என் மகன் ஏன் எப்போதும் கோபால்?

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே, கார்கள் நிற்கும் இடத்திற்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே மிஞ்சிக் கிடக்கும் சிமெண்டுத் தரையில், மாலை வெயில் தாழ்ந்ததும், மலாய்க்காரப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒன்றாகக் கூடி, போபோய்போய் கார்ட்டூனில் வருவதுபோல் உலகத்தைக் காப்பாற்றும் விளையாட்டொன்றை ஆடுவது வழக்கம். ஒருவன் போபோய்போய், சிறுமியர் இருவர் யாயாவும் யிங்கும், கண்ணாடி அணிந்த பையன் ஃபாங். ஏழு வயதான என் மகன் கோபால். சென்ற வாரம் படியேறி வந்தவன், செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, "அப்பா, நான் ஏன் எப்பவும் கோபாலாவே இருக்கணும்?" என்று கேட்டான்.

சிறுவர் கார்ட்டூன்களைப் பற்றி எழுத வேண்டுமென்று ஆசிரியர் குழுவினர் பணித்தபோது, அடிதடியைப் பற்றியே எழுத நினைத்திருந்தேன். அதற்கு ஆதாரமும் உண்டு. 1963இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பரிசோதனையொன்றில், கார்ட்டூன் பூனையைப் போல் வேஷமிட்டவர் காற்றடைத்த பொம்மையைப் புடைக்கும் படத்தைக் கண்ட பாலர்கள், பிறகு தாமும் அப்பொம்மையைப் புடைத்தார்கள். நியாயமான கவலைதான், ஆயினும் மகனுடைய கேள்விக்குப் பின் என் மனம் அதில் நிலைக்கவில்லை.

2011 முதல் மலேசியத் தொலைக்காட்சியில் ஓடி, திரையரங்குகளுக்கும் சென்ற போபோய்போய் தொடரில் கோபால் நல்லவன், நண்பனைக் கைவிடாதவன். ஆனால் ஆபத்து வந்தால் முதலில் அலறுபவனும், ஒளிய இடம் தேடுபவனும், தின்பண்டத்தைக் கண்டால் மற்றதை மறப்பவனும் அவனே. மற்றவர்களுக்கு மின்னலும் காற்றும் காலமும் ஈர்ப்பு விசையும் வசப்பட்டிருக்க, இவனுக்கு வாய்த்த சக்தியோ, எதிர்ப்பட்ட பொருளைத் தின்பண்டமாக மாற்றுவது. பார்க்கும் குழந்தைகள் எல்லாம் சிரிக்கின்றன. என் மகனும் வயிறு குலுங்கச் சிரிக்கிறான். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கீழே போனதும் அந்தப் பரிகாசத்தைச் சுமக்கும் முறை அவனுடையதாகிவிடுகிறது: அவன் நடுங்க வேண்டும், "ஐயோ" என்று கூவ வேண்டும், வயிற்றைத் தடவிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் துவேஷத்தால் இப்படிச் செய்யவில்லை. யார் எந்த இனமோ அவருக்கு அந்தப் பாத்திரம் என்று திரை வகுத்த நியதியை, கற்பிப்பார் எவருமின்றியே அவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். 1980களில் நாங்கள் பார்த்த சாங் கஞ்சில் என்ற சருகுமான் படத்தில் எல்லாரும் விலங்குகளாயிருந்தபடியால், சருகுமான் எந்த இனம் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவேயில்லை.

2007இல் நோன்பு மாதத்துக்கென்று தொடங்கி, இன்று தேசத்தின் எல்லைக்கு அப்பாலும் புகழ்பெற்றுவிட்ட உப்பின் இப்பின் கார்ட்டூன் தொடரை நான் மனமார மதிக்கிறேன். மொட்டைத்தலை இரட்டையரும் பாட்டியும் வாழும் அந்த டுரியான் ருந்து கம்பத்தில் நோன்புப் பெருநாளும் உண்டு, தீபாவளியும் உண்டு. ஆயினும் அங்கும் நம்மவராக முக்கியமாக வருகிறவர்கள், காளையோடு திரியும் ராஜூவும் ஒட்டுக்கடை நடத்தும் முத்துவும். இதைக் கிள்ளானில் என் தாயாரிடம் சொன்னேன். பேரனோடு அமர்ந்து ஓர் அத்தியாயம் விடாமல் பார்க்கும் அவர், தெங்கு கிளானா சாலையில் வாங்கிவந்த பூவைத் தொடுத்தபடியே, "உங்கப்பா ஒட்டுக்கடை வெச்சுத்தானேடா உன்னைப் படிக்க வெச்சாரு? அதுல என்ன கேவலம்?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். கடைக்காரரிடத்தில் எனக்கு அவமதிப்பு இல்லை. அந்தக் கடையில்தான் நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆனால் அந்தக் கடையிலிருந்து படித்து வெளியேறியவர்களும் இந்தச் சமூகத்தில் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரையாவது என் மகன் திரையில் காணக்கூடாதா என்பதுதான் என் தாபம்.

குழந்தை தன் பிரதிபிம்பத்தை எங்கிருந்து பெறுகிறது என்பதற்கு ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில், உளவியலறிஞர்களான ஒரு தம்பதியர், கறுப்பினக் குழந்தைகளின் முன் நிறத்தில் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை என்று வினவ, பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைச் சுட்டினார்கள். உன்னைப் போன்றது எது என்று கேட்டதும் சில குழந்தைகள் அழுதுவிட்டன. பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கிய 1954ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அவர்களுள் ஒருவரின் ஆய்வறிக்கையைத் தன் அடிக்குறிப்பில் சுட்டியது. கார்ட்டூனிலும் அப்படித்தான்: சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வரும் இந்தியக் கடைக்காரர் அப்புவின் பேச்சைச் சொல்லிச் சொல்லியே தங்களைப் பள்ளியில் கேலி செய்தார்கள் என்று அங்குள்ள இந்திய வம்சாவளியினர் 2017இல் வெளியான ஆவணப்படமொன்றில் முறையிட்டார்கள். 2020இல், அப்பாத்திரத்துக்குக் குரல் கொடுத்துவந்த வெள்ளைக்கார நடிகர் விலகிக்கொண்டார்.

அப்படியானால் நம் நாட்டுக் கார்ட்டூனை நிறுத்திவிட்டு இந்தியக் கார்ட்டூனைக் காட்டலாமே என்பார் உண்டு. காட்டினேன். 2008இல் தொடங்கிய சோட்டா பீம் தமிழும் பேசுகிறான். அவனும் பெருந்தீனிக்காரன்தான், ஆனால் அங்கே லட்டு தின்பது பலவீனமல்ல, பலத்தின் ஊற்று. அந்த வரையில் எனக்கு உண்மையிலேயே ஆறுதல். பிறகு கவனித்தேன்: பீம் நல்ல சிவப்பு, அவனை ஓயாமல் வம்புக்கிழுக்கும் போக்கிரியின் பெயர் காலியா. இந்தியில் கருப்பன் என்று பொருள். என் மகன் என்னைப் போலக் கருப்பு. இந்திமொழி அறியாத வீட்டில் அப்பெயரின் அர்த்தம் அவனுக்கு எட்டாது என்று சமாதானம் கொள்ளப் பார்த்தேன்; முடியவில்லை.

"வெறும் கார்ட்டூன்தானே, வளர்ந்தால் மறந்துவிடுவார்கள்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கோபாலும் சில வேளைகளில் நண்பர்களைக் காப்பாற்றியிருக்கிறான் என்றும் நினைவூட்டுகிறார்கள். இருக்கலாம்.

அன்று வாசலில் நின்றவனிடம், "நாளைக்கு நான் போபோய்போயா இருக்கேன்னு கேட்டுப் பாருப்பா" என்று சொல்லியனுப்பினேன். கேட்டிருக்கிறான். "அவன் மலாய்க்காரன், நீ எப்படி ஆக முடியும்?" என்று சொல்லிவிட்டார்களாம். அவர்கள் கோபத்தோடு சொல்லவில்லை. இவனும் அதை அழுதுகொண்டு வந்து சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டின் நடுவே, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, பள்ளிச் சேதிகளோடு ஒன்றாகச் சொன்னான்.

நேற்று மாலையும் விளையாடப் போனான். மேலே நடைபாதையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் வெட்டவெளியில் கைகளை நீட்டி மின்னலை ஏவிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு தூணுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒளிந்து உட்கார்ந்திருந்தான்.