வாசிக்க இயலாத எழுத்துகள்

நவீன ஓவியத்தைக் கண்டு "இதன் பொருள் யாது?" என வினவுவோர் பலர். கோயம்புத்தூரிற் பிறந்த ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர், 1963ஆம் ஆண்டளவில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கினார். மலையாள எழுத்தை ஒத்த கோடுகளும் எண்களும் சாதகக் கட்டங்களும் அவற்றில் நிறைந்துள்ளன. அக்கோடுகளை வாசித்துப் பொருள்காண இயலாது. பொருள் நீங்கி வடிவம் மட்டும் நிற்பது அரூபம். அவ்வடிவம் ஏட்டுச் சுவடியையும் சோதிடத்தையும் நினைவூட்டுவது குறியீடு.

ராஸ் அல் கைமாவுக்கு நாம் வந்த புதிதில், கடைப் பலகைகளிலிருந்த அரபு எழுத்துகள் எமக்கு வெறும் கோலங்களாகவே தோன்றின. அன்றே பணிக்கரின் ஓவியம் எமக்கு விளங்கியது.

மாணவச் செல்வங்களே! ஓவியர் எழுத்தின் பொருளை அறிந்தே நீக்கினார். நீங்கள் தமிழெழுத்தைக் கற்காது விட்டு வெறுங் கோடுகளாக்கிவிடாதீர்கள். ஊரை இழந்து வந்த எமக்கு எஞ்சிய முதுசம் அவ்வெழுத்துகளே.