டிராக்டர் வாங்கினால் போதுமா? அங்குசமும் வேண்டும்!

யானை வாங்கியவன், அங்குசம் வாங்கக் காசு இல்லாமல் நின்றானாம்! இது பழைய கதை.

டிராக்டர் வாங்கும் குடும்பங்களிலும் இந்தக் கதை நடப்பது உண்டு. கடன் வாங்கி வண்டி எடுக்கிறார்கள். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வாசலுக்கு ஓட்டி வருகிறார்கள். ஊரே வந்து பார்க்கிறது. ஆனால், வண்டியில் மாட்டுவதற்குத் தகுந்த கருவி இல்லை.

வண்டி நிற்கிறது. வட்டி ஓடுகிறது!

டிராக்டர் தானாக எந்த வேலையும் செய்யாது. உழுவது கலப்பை. சுமப்பது டிரெய்லர். மண் அள்ளுவது வாளி. டிராக்டர் அவற்றை இழுக்கும், தூக்கும், சுற்றும். அவ்வளவுதான். ஆகவே முதலில் வேலையை எண்ண வேண்டும். பிறகு கருவி. கடைசியில்தான் வண்டி.

மேலூரின் தண்ணீர்க் கணக்கு

மேலூர், மதுரைக்கு வடகிழக்கே இருக்கிறது. நெல், கரும்பு, வாழை, தென்னை எல்லாம் விளையும் ஊர். பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை 1895-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர்தான் வைகையில் சேர்ந்து, பேரணையில் கால்வாய்க்குத் திரும்பி, மேலூர் வயல்களுக்கு வருகிறது.

கள்ளந்திரி வரையில் உள்ள வயல்களுக்கு இரண்டு போகத் தண்ணீர். அதற்குக் கீழே உள்ள மேலூர்ப் பகுதிக்கு ஒரு போகம்தான். அணையில் நீர் இருக்கும் ஆண்டில், வழக்கமாகச் செப்டம்பர் மாதம் திறப்பார்கள். 120 நாள் பாசனம். அதாவது 4 மாதம்.

மீதி 8 மாதம் டிராக்டருக்கு என்ன வேலை? மேலூரில் வண்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

வாங்கலாமா, வாடகை போதுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு குடும்பத்துக்கு 3 ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. 4 லட்சம் ரூபாய் கடன் வாங்கி டிராக்டர் எடுக்கிறார்கள். 5 ஆண்டில் அடைக்க வேண்டும். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆண்டு, அசலில் 80 ஆயிரம் கட்ட வேண்டும். வட்டி 40 ஆயிரம். ஆக மொத்தம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்! டீசலும் ரிப்பேரும் தனி.

இப்போது உழவுக் கணக்கு. 4 அடி அகலச் சுழல் கலப்பையைச் சிறிய டிராக்டரில் மாட்டி ஓட்டினால், ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். மூன்று முறை ஓட்டினால் 6 மணி. 3 ஏக்கருக்கு 18 மணி.

வாடகை மணிக்கு ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், 18 ஆயிரத்தில் வேலை முடிந்துவிடும். 18 ஆயிரம் எங்கே? 1 லட்சத்து 20 ஆயிரம் எங்கே?

ஒரு போக நெல்லை மட்டும் நம்பியிருக்கும் சிறு குடும்பத்துக்கு வாடகை வண்டிதான் லாபம். தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. அல்லது, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வண்டி வாங்கலாம்.

தென்னந்தோப்பு, வாழை, கரும்பு, ஆடு மாடு என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறதா? அப்போது சொந்த வண்டி தாங்கும்.

சிறியது ஏன்?

சாதாரண டிராக்டர்கள் 35 முதல் 50 குதிரை சக்தி கொண்டவை. அகலம் 5 அடிக்கு மேல் இருக்கும். சிறிய டிராக்டர்கள் பெரும்பாலும் 25 குதிரை சக்திக்கு உட்பட்டவை. அகலம் சுமார் மூன்றரை அடிதான். தென்னை மரங்களுக்கு நடுவே, அகலப்பார் கரும்புக்கு ஊடே, தோட்டத்துச் சந்துகளில் எல்லாம் நுழையும். எடை குறைவு என்பதால் சேற்று வயலில் அதிகம் புதையாது.

இந்தியாவில் 1959-ம் ஆண்டு பரீதாபாத்தில் ஐச்சர் கம்பெனி டிராக்டர் தயாரிக்கத் தொடங்கியது. 1960-ல் சென்னையில் டாபே கம்பெனி தோன்றியது. மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியிலும் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. இப்போது பல கம்பெனிகள் சிறிய வண்டி செய்கின்றன. ஆகவே, கண்ணில் பட்ட முதல் வண்டியை வாங்க வேண்டியதில்லை.

பின்னால் மாட்டும் கருவிகள்

முன்காலத்து டிராக்டர், கலப்பையைச் சங்கிலி கட்டி இழுத்தது. கலப்பை கல்லில் சிக்கினால் வண்டியே மல்லாந்துவிடும். அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன், மூன்று இடத்தில் கருவியைப் பிடிக்கும் இணைப்பைக் கண்டுபிடித்தார். 1939-ல் போர்டு கம்பெனியுடன் சேர்ந்து அதை டிராக்டரில் பொருத்தி விற்றார். இன்று உலகம் முழுவதும் அந்த முறைதான்.

மேலூர்க் குடும்பத்துக்கு எந்தக் கருவி முதலில் வேண்டும்?

முதலாவது, சுழல் கலப்பை. 20 முதல் 25 குதிரை சக்திக்கு 4 அடி அகலம் பொருத்தமாக இருக்கும். "பெரிதாக வாங்கினால் சீக்கிரம் முடியும்" என்று 6 அடிக் கலப்பையை மாட்டினால், எந்திரம் திணறும். டீசலும் கரையும்.

இரண்டாவது, 5 கொத்துக் கலப்பை. கோடை உழவுக்கு இதுவே போதும். சுற்றும் உறுப்பு எதுவும் இல்லை. செலவும் குறைவு.

மூன்றாவது, டிரெய்லர். எரு, நெல் மூட்டை, தேங்காய், பொங்கலுக்கு வெட்டும் கரும்பு எல்லாவற்றையும் இது சுமக்கும். தண்ணீர் இல்லாத 8 மாதமும் வண்டிக்குச் சோறு போடும் கருவி இதுதான்!

நான்காவது, சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம். நடவுக் காலத்தில் வேண்டும். இதை வாடகைக்கும் எடுக்கலாம்.

முன்னால் வாளி வேண்டுமா?

டிராக்டரின் முன்னால் இரண்டு இரும்புக் கை. அதன் நுனியில் ஒரு வாளி. இதை லோடர் என்கிறார்கள். எருக்குழியில் இருந்து எரு அள்ளலாம். கண்மாய் வண்டல் மண்ணை வயலுக்குக் கொண்டு வந்து கொட்டலாம். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி முக்கியம். பத்துப் பேர் கூடை சுமக்கும் வேலையை ஒரு வாளி செய்துவிடும்.

ஆசை வருவது இயற்கை. ஆனால் எடைக் கணக்கு தெரிய வேண்டும்.

5 கன அடி வாளியில் மக்கிய எரு நிரப்பினால் எடை சுமார் 100 கிலோ. அதே வாளியில் ஈர மணல் நிரப்பினால் சுமார் 250 கிலோ! வாளி ஒன்றுதான். பாரம் இரண்டரை மடங்கு. எரு அள்ளிப் பழகியவர், அதே கை வேகத்தில் மணல் அள்ளினால் ஆபத்து.

முன்னால் பாரம் ஏறும்போது பின்சக்கரம் தரையில் இருந்து கிளம்பப் பார்க்கும். வாளியை உயரத் தூக்கிக்கொண்டு வரப்பில் திரும்பினால் வண்டி கவிழ்ந்துவிடும்.

ஆகவே மூன்று விதிகள். வாளியைத் தரையில் இருந்து ஒரு அடி உயரத்திலேயே வைத்து ஓட்ட வேண்டும். பின்னால் எடை மாட்டியிருக்க வேண்டும். சரிவில் குறுக்கே போகக் கூடாது.

பட்டறையில் பற்றவைத்து மாட்டும் வாளியை, வண்டியின் முன் அச்சு தாங்குமா என்பதும் கேள்விதான். "இந்த வண்டிக்கு லோடர் மாட்டலாமா? எத்தனை கிலோ தூக்கலாம்?" என்று வண்டி செய்த கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மாட்டக் கூடாது என்று பதில் வந்தால், விட்டுவிட வேண்டும். மண் நிரவுவதற்குப் பின்னால் மாட்டும் பலகையே போதும். விலையும் குறைவு, ஆபத்தும் குறைவு.

சேலை, வேட்டி, துண்டு: எச்சரிக்கை!

சுழல் கலப்பையைச் சுற்ற வைக்கும் தண்டு, டிராக்டரின் பின்னால் இருக்கிறது. அது நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று!

சேலை முந்தானையோ, துண்டின் நுனியோ அதில் சிக்கினால், "ஐயோ" என்று கத்துவதற்குள் ஆளையே இழுத்துவிடும். தண்டுக்கு மேல்மூடி இல்லாமல் ஓட்டவே கூடாது. சிக்கிய புல்லை எடுப்பதற்கு முன் எந்திரத்தை நிறுத்த வேண்டும். குழந்தைகளை மட்கார்டில் உட்கார வைத்து ஓட்டுவது செல்லம் அல்ல, ஆபத்து.

கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புது டிராக்டர்களில் கட்டாயம் வைக்க வேண்டும் என்று, சுவீடன் நாடு 1959-ம் ஆண்டே விதி செய்தது. அதன்பின் அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். சட்டமும் இடுப்பு வாரும் உள்ள வண்டியைக் கேட்டு வாங்குவது நல்லது.

கடைக்குப் போகும் முன்

மத்தியப் பிரதேசத்தில் உள்ள புத்னி என்ற ஊரில், மத்திய அரசின் டிராக்டர் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த வண்டிக்கு அறிக்கை உண்டு. எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தூக்கும், டீசல் எவ்வளவு குடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பவரின் பேச்சைவிட அந்தக் காகிதம் பெரிது.

மானியம் வேண்டுவோர் முதலில் வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும். உதிரி பாகமும் மெக்கானிக்கும் மேலூரிலேயோ மதுரையிலேயோ கிடைக்கிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும். நடவு நேரத்தில் வண்டி படுத்துவிட்டால், கால்வாய்த் தண்ணீர் காத்திருக்காது!

2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 5 லட்சம் ரூபாய் அடக்க விலை என்றால், வரியில் 35 ஆயிரம் ரூபாய் குறையும். அந்தப் பணத்தைப் பாட்டுப் பெட்டிக்கும் பளபளக்கும் விளக்குக்கும் செலவிட வேண்டாம். ஒரு கருவிக்கு ஒதுக்கலாம்.

வண்டி வாங்கும் முன் குடும்பம் முழுவதும் உட்கார்ந்து, பிள்ளையின் நோட்டில் 12 மாதத்தையும் எழுத வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்கு நேராகவும் வண்டிக்கு என்ன வேலை என்று குறிக்க வேண்டும். எட்டு மாதம் வெறுமையாக இருந்தால் வாடகை வண்டி போதும். நோட்டு நிரம்பினால் தைரியமாக வாங்கலாம்.

யானையை வாங்கும்போதே அங்குசத்துக்கும் காசு எடுத்து வைப்பவன்தான் கெட்டிக்காரன்!