பொத்தான் போட இன்னொரு கை

படைப்பணியில் காயம்பட்ட அமெரிக்க வீரருக்கு 100 சதவீதப் பாதிப்பு என்று சான்று கிடைத்துவிட்டால், அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை என்றே பல குடும்பங்கள் நினைத்துவிடுகின்றன. இருக்கிறது. அந்தப் பாதிப்பால் தினமும் சட்டைப் பொத்தான் போட இன்னொரு கை வேண்டுமென்றால், அதற்கு மேல்நிலைத் தொகை உண்டு. முன்னாள் படைவீரர் துறை தரும் இதன் பெயர் சிறப்பு மாதாந்திர இழப்பீடு. 2025 கணக்குப்படி, குடும்பப் பொறுப்பு இல்லாத வீரருக்கு 100 சதவீத இழப்பீடு மாதம் 3,831 டாலர். பிறர் துணை தேவைப்படுபவருக்கான ‘எல்’ நிலையில் 4,767 டாலர். வருமான வரி கிடையாது.

யாருக்குக் கிடைக்கும்? உடுத்த, குளிக்க, சாப்பிட, கழிப்பறை போய்வர, செயற்கைக் காலை அடிக்கடி சரிசெய்துகொள்ள முடியாதவர்களைச் சட்டம் குறிப்பிடுகிறது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகும் தலைக்காயக்காரரையும் அது விட்டுவிடவில்லை. அன்றாட ஆபத்திலிருந்து காக்க ஆள் தேவைப்படுவதும் கணக்கில் வரும். இவை அத்தனையும் ஒருவருக்கு இருந்தாக வேண்டியதில்லை. துணை வழக்கமாகத் தேவைப்பட்டால் போதும், 24 மணி நேரமும் வேண்டியதில்லை. இந்த ஒரு வரி தெரியாமல் ஒதுங்கிவிடுவதுதான் எனக்குப் பெரிய வேதனை.

வீரர் கேட்காவிட்டாலும், தகுதி இருப்பதாகத் தெரிந்தால் துறையே பரிசீலிக்க வேண்டும் என்று 1991-இல் ஏக்கிள்ஸ் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. 21-2680 என்ற படிவத்தை மருத்துவர் நிரப்பித் தர வேண்டும். ‘நடக்கச் சிரமப்படுகிறார்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. குளியலறையில் யார் பிடித்துக்கொள்கிறார்கள், சாதத்தை யார் ஊட்டுகிறார்கள் என்று எழுத வேண்டும். சிக்கல் என்னவென்றால், ராணுவத்தில் இருந்தவர்கள் மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் “சமாளித்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடுவார்கள். கூடப் போகும் மனைவியோ மகளோதான் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

அந்த மனைவியும் தயங்குவாள். சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லையே, நான்தானே பார்த்துக்கொள்கிறேன், இதற்குப் போய்ப் பணம் கேட்பதா என்று. அவளுக்காகவே விதியில் ஓர் இடம் இருக்கிறது: துணை செய்பவர் வீட்டு மனிதர் என்ற காரணத்தைக் காட்டி இந்தத் தொகையை மறுக்கக் கூடாது.