முகம் மறவாத காக்கைகள்

தன்னைத் துன்புறுத்தியவனைக் காக்கை மறவாது என்பர். அமெரிக்காவின் ஸியாட்டில் நகரில் பறவையியல் அறிஞர் ஜான் மார்ஸ்லஃப் 2006-ஆம் ஆண்டில் இதனைச் சோதிக்க முற்பட்டார். அவருடைய குழுவினர் குகைமனிதன் முகமூடி அணிந்து, பல்கலைக் கழக வளாகத்தில் 7 காக்கைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவித்தனர். காயமேதும் விளைவிக்கவில்லை, ஆயினும் காக்கைகள் அதைப் பொறுக்கவில்லை. பின்னர் அம்முகமூடியுடன் எவர் நடப்பினும் அவை சினந்து கரைந்தன. தொப்பி வைத்தும், முகமூடியைத் தலைகீழாக மாட்டியும் பயனில்லை. வேறு முகமூடி அணிந்தோரை அவை பெரிதும் பொருட்படுத்தவில்லை.

இதனினும் வியப்புக்குரியது, ஒரு முறையேனும் பிடிபடாத காக்கைகளும் இவ்வெதிர்ப்பிற் சேர்ந்தமையே. தாய் தந்தையர் கரைவதைக் கண்டு வளர்ந்த குஞ்சுகள், தனித்துத் திரியும் பருவத்திலும் அம்முகத்தைக் கண்டதும் கரைந்தன. 5 ஆண்டுகளில் இவ்வறிவு, பிடித்த இடத்திலிருந்து 1.2 கிலோமீட்டர் தொலைவுக்கேனும் பரவியிருந்தது.