ஒரு டாலருக்கு ஒரு பாலம்

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில், ஹட்ஸன் நதியின் கீழ்க்கரையில், பொகிப்ஸி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நீர்மட்டத்துக்கு 212 அடி உயரத்தில் ஓர் எஃகுப் பாலம் நதியைக் கடக்கிறது. அதன் நீளம் 6,768 அடி. அதாவது, ஒன்றேகால் மைலுக்குச் சற்று அதிகம். முன்னாளில் கூட்ஸ் வண்டிகள் கடகடவென்று ஓடிய அந்தப் பாலத்தின்மீது இன்று குழந்தைகள் சைக்கிள் விடுகிறார்கள். பெரியவர்கள் உலாவிக் காற்று வாங்குகிறார்கள்.

பென்ஸில்வேனியாவின் நிலக்கரியைக் கிழக்கே நியூ இங்கிலாந்துக்குக் கொண்டு செல்வதற்காக 1889-ல் இப்பாலம் திறக்கப்பட்டது. நியூயார்க் நகருக்கும் ஆல்பனிக்கும் இடையே ஹட்ஸனுக்குக் கட்டப்பட்ட முதல் பாலம் இதுவே. பிரம்மாண்டமான மரக்கூண்டுகளை ஆற்றில் இறக்கி, அடியிலுள்ள சேற்றை வாரி, கான்கிரீட் நிரப்பி அஸ்திவாரம் போட்டார்கள். மேலே எஃகுச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகப் பிணைத்தார்கள். நாற்கோணச் சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும்; முக்கோணமோ, சட்டம் வளைந்தாலன்றி உருமாறாது. அவ்வளவு பளுவை அச்சட்டங்கள் தாங்கியதன் இரகசியம் இதுதான்.

1974-ஆம் வருஷம் மே 8-ந் தேதி பாலத்தில் தீப்பற்றியது. தண்டவாளத்தின் அடிக்கட்டைகள் எரிந்தன. ரயில் கம்பெனியோ ஏற்கெனவே திவாலாகியிருந்தது. பழுது பார்ப்பாரில்லை, ரயில் நின்றது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த இரும்பு யானையோ 1984-ல் ஒரே ஒரு டாலருக்குக் கைமாறியது!

1992-ல் உள்ளூர் ஜனங்கள் சிலர் ஒரு சங்கம் கண்டார்கள். பாலத்தை எல்லோரும் நடக்கும் பாதையாக்குவது அவர்களுடைய நோக்கம். பதினேழு வருஷம் சலியாமல் உழைத்தார்கள். எஃகைப் பரிசோதித்த இன்ஜினீயர்கள், உறுதி குன்றவில்லை என்றார்கள். தர்ம ஸ்தாபனங்களின் பணமும் சர்க்கார் பணமும் சேர்ந்தன. பழைய தண்டவாளம் கிடந்த இடத்தில் கான்கிரீட் தளம் பரப்பினார்கள். ஹென்றி ஹட்ஸன் அந்நதியில் கப்பலோட்டி வந்த நானூறாவது ஆண்டான 2009-ல், அக்டோபர் 3-ந் தேதி பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது அது மாகாண சர்க்காரின் பூங்கா.

வேண்டாமென்று கைவிட்ட பொருளை ஊரார் தமதென்று கருதியதால் விளைந்த பயன் இது. நமது தேசத்திலும் ரயில் ஓடாத பாதைகளும் பாலங்களும் பல உண்டு. அவற்றைப் பழைய இரும்பின் விலைக்கு எடை போடுமுன், அந்தந்த ஊர் ஜனங்கள் ஒருமுறை கூடி யோசித்தால், இழக்கப் போவது ஒன்றுமில்லை. பெறக்கூடியது மிக உண்டு.